உறை பிரிக்காத நடைவண்டி

அனந்தகிருஷ்ணன் சாருக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். தெரியும். சிமெண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் சிமெண்ட் விற்ற வாய் அது. அந்த வாயை வைத்துக்கொண்டு மனிதர் மொழிபெயர்ப்பில் இறங்கியதுதான் எங்கள் சென்டருக்குப் பிடித்த சனி.

சென்டர் மாடம்பாக்கத்தில், சிவன் கோயிலில் இருந்து சில தெரு தள்ளி, ஒரு வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. நடக்க முடியாத, நிமிர்ந்து உட்கார முடியாத குழந்தைகளைக் காலையில் அம்மாக்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிசியோதெரபி படித்த பெண் வாரத்தில் ஓரிரு நாள் வருவாள். மற்ற நாட்களில் கை காலை நீட்டி மடக்கிவிடுவதெல்லாம் நானும் அம்மாக்களும்தான். நான் நாகலக்ஷ்மி. டெலிபோன் துறையில் ஆபரேட்டராகச் சேர்ந்து, மேலே வந்து, ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்து மாட்டிக்கொண்டவள். ஆபீஸ், டெலிபோன், கரண்ட் பில், குழந்தை வாந்தி எடுத்தால் துடைப்பது எல்லாம் என் இலாகா. அனந்தகிருஷ்ணன் சார் நிறுவனர், செயலாளர். போட்டோவில் நடுவில் நிற்பது அவர் இலாகா.

உள்ளே நுழைந்ததும் ஒரு கண்ணாடி அலமாரி கண்ணில் படும். கேடயங்கள், மடிப்புக் கலையாத பொன்னாடைகள், நடுநடுவே யார் யாரோ நன்கொடையாகக் கொடுத்த சாமான்கள். கழுத்தை நிமிர்த்தி வைக்கிற பட்டை, கைக்குப் பயிற்சி கொடுக்கிற பந்து, வளைந்த காலுக்கு மாட்டுகிற ஷூ. ஒன்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்பட்டிருக்காது. எடுத்து உபயோகித்தால் பழசாகிவிடுமாம். நாளைக்கு டோனர் வந்து நாங்கள் கொடுத்தது எங்கே என்று கேட்டால் எதைக் காட்டுவது என்பார் சார். கழுத்து நிற்காத குழந்தை அந்த அலமாரிக்கு எதிரிலேயே அம்மா தோளில் சாய்ந்து கிடக்கும். அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

வெளிநாட்டில் இருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு வாலண்டியர்கள் வருவார்கள். அவர்களைப் பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வருவார்கள், வயிறு கெடும், புடவை கட்டிக்கொள்வார்கள், போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கிளம்புகிற அன்று குழந்தைகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். குழந்தைகள் அழாது. அதுகளுக்குப் பழகிவிட்டது.

ஐனோ பின்லாந்துக்காரி. பொங்கலுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். பெருங்களத்தூரில் சாருடைய சொந்தக்காரர் ஃபிளாட்டில் அவளுக்கு அறை கொடுத்திருந்தார்கள். ஃபோனில் எதையோ போட்டுத் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். படித்த தமிழை உடனே உபயோகித்துப் பார்க்க வேண்டாமா? பொங்கல் கூட்டம் மொத்தமும் ஜி.எஸ்.டி. ரோட்டில் திரண்டு நிற்கிற அன்றைக்குப் போய், பஸ் நிறுத்தத்தில் நின்று, "நான் செல்ல வேண்டும்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள். எங்கே செல்ல வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாவம், வெள்ளைக்காரப் பெண் தவிக்கிறதே என்று நாலு பேர் சேர்ந்து கூட்டத்தை விலக்கி, விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றி, ஜன்னலோர சீட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். மாடம்பாக்கம் வர வேண்டியவள் செங்கல்பட்டில் இறங்கி எனக்கு ஃபோன் செய்தாள். நம் ஊர் உபகாரம் எப்போதும் இந்த லட்சணம்தான்.

அப்புறம் கேம்ப் ரோட்டில் ஒரு ஆட்டோக்காரரிடம், "ஐயா, தாங்கள் மாடம்பாக்கம் செல்வீர்களா?" என்று கேட்டாளாம். அவர் அவளை ஏற்றி வந்து சென்டர் வாசலில் இறக்கிவிட்டு என்னிடம், "இன்னா மேடம், இந்தம்மா டிராமா டயலாக் பேசிகினு கீது" என்று கவலையோடு சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் லாசரஸ் காலையில் வழக்கம்போல, சாப்டீங்களாம்மா என்று கேட்பார். இவள் நின்று, ஓட்ஸ் கஞ்சி எவ்வளவு, வாழைப்பழம் எத்தனை என்று முழு விவரமும் சொல்வாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் ரகசியமாக, நான் பட்டினி கிடப்பவள் மாதிரி தெரிகிறேனா, எல்லோரும் ஏன் இதையே கேட்கிறார்கள் என்று விசாரித்தாள். டிராமாத் தமிழை விட்டுவிட நினைத்தாளோ என்னவோ, கமிட்டிக் கூட்டத்தில் அனந்தகிருஷ்ணன் சாரைப் பார்த்து, "நீ எங்கே உட்காருகிறாய்?" என்றாள். அவ்வளவு நல்ல கமிட்டிக் கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. மறுநாளே அவளுக்கு 'நீங்க' சொல்லிக் கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இவள் புடவை கட்டவில்லை. தன் ஊரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்த்தவள். வந்த அன்றே தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் காலைக் கையில் எடுத்தவள்தான், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. எனக்கு இளப்பமாகப் பேச ஆள் குறைந்துவிட்டது. நல்ல வேளையாக சார் இருந்தார்.

ஐனோவுக்கும் அம்மாக்களுக்கும் நடுவில் யார் நிற்பது என்ற கேள்விக்கே அவர் இடம் வைக்கவில்லை. வெள்ளைக்காரிக்குப் பக்கத்து இடம் அவருடையது. ஐனோ ஒரு அம்மாவிடம், குழந்தை ராத்திரி எப்படித் தூங்குகிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறது என்று கேட்பாள். சார் அந்த அம்மாவிடம், மேடம் உங்க பொறுமையைப் பாராட்டுறாங்க என்பார். அந்த அம்மா, இரண்டு நாளாகப் பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, குழந்தையைக் கழுவ வழியில்லை என்று முறையிடுவாள். சார் ஐனோவிடம், இவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, உங்களுக்கு நன்றி சொல்றாங்க என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிடுவார். ஐனோ நெஞ்சில் கை வைத்துத் தலை குனிவாள். பாத்ரூமில் தண்ணீர் வராததற்கு இந்தப் பெண் ஏன் நெஞ்சில் கை வைக்கிறாள் என்று அந்த அம்மா என்னைப் பார்ப்பாள்.

நான் இரண்டொரு தடவை குறுக்கே புகுந்து உள்ளதைச் சொன்னேன். அதற்கப்புறம் ஐனோ அம்மாக்களோடு உட்காருகிற நேரம் பார்த்து எனக்கு ஈ.பி. ஆபீஸில் வேலை வந்தது, பேங்கில் வேலை வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் மெல்ல விஷயத்தை உடைப்பேன். தண்ணீர் கதை அப்படித்தான் வெளியே வந்து, அன்று சாயங்காலமே மோட்டாரைச் சரிசெய்தார்கள். சார் சொல்வதைப் பாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

சார் அவளை ஒரு நாள் வீட்டுக்கு டிபனுக்குக் கூப்பிட்டார். மறுநாள் ஐனோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேண்டாம், போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் தட்டில் இட்லி விழுந்துகொண்டே இருந்ததாம். கையைக் குறுக்கே நீட்டியும் பார்த்தாளாம். சார் அந்தக் கதையை அம்மாக்கள் எல்லோரையும் கூட்டி வைத்துத் தமிழில் சொல்லிச் சிரித்தார். "நம்ம ஊர் வழக்கம் அவங்களுக்குத் தெரியுமா? முதல் தடவை வேணாம்னுதான் சொல்வோம். கேட்கிறவங்க மறுபடி கேட்கணும். அதுதானே மரியாதை?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தெரியாத விஷயமா? இங்கே ஒருவர் கொடுப்பதை முதல் வார்த்தையிலேயே வாங்கிக்கொண்டால் பறக்காவெட்டி என்று பெயர். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவை மனசில்லாமல் வாங்குகிற மாதிரி வாங்கினால்தான் நல்ல குடும்பம். இந்தக் கூத்தை நானும் ஆயுசு முழுக்க ஆடியிருக்கிறேன்.

அன்றைக்குச் சிரித்தவர்களில் சித்திகாவும் உண்டு. மேற்குத் தாம்பரத்தில் இருந்து தன் பெண் இரமைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வருகிறவள். புருஷன் இர்ஃபான் கேளம்பாக்கம் பக்கம் ஏ.சி. மெக்கானிக். இரமுக்குப் புத்தி கூர்மை, பேச்சு அதைவிடக் கூர்மை. காலில்தான் பலம் இல்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்தால் நடந்துவிடுவாள். வீட்டருகே இருந்த பள்ளியில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தார்கள். அங்கே, தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போகிற குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது, கேட்டில் இருந்து வகுப்புக்கு அவளாக வந்தால் ஜூன் மாதம் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கண்டிப்பாகச் சொன்னதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். போன வருஷமும் இதே பதில். இந்த வருஷமும் தவறினால் வயசு ஏறிவிடும் என்று சித்திகா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

இது ஐனோவுக்குத் தெரியும், என் உபயத்தில். அவள் தன் ஆஸ்பத்திரிக்கு எழுதி, அங்கே இருந்து ஒரு வாக்கரை வரவழைத்தாள். நீல நிறம், குழந்தைக்குப் பின்னால் இருந்து தாங்கிக்கொண்டு கூடவே உருண்டு வருகிற மாதிரி அமைப்பு. அம்மாக்கள் பார்த்த உடனே அதற்கு நடைவண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வந்தது ஒன்றே ஒன்று. இரமுடைய உயரத்தை ஐனோ அதற்கு முன்னாலேயே அளந்து அனுப்பியிருந்தாள்.

பெட்டி வந்து இறங்கிய மறுநாள் எனக்கு பேங்கில் வேலை வந்தது. திரும்பி வரும்போது சித்திகா வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரம். சித்திகாவின் முகம் வெளுத்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க அக்கா," என்றாள். "அப்புறம் கேட்கவே இல்ல."

விஷயத்தை மெல்ல மெல்லப் பிடுங்கினேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த நடைவண்டியை இரமுக்காக வரவழைத்திருக்கிறோம், எடுத்துக்கொள்கிறாயா என்று ஐனோ கேட்க, சார் அதைச் சரியாகத் தமிழில் சொல்லியிருக்கிறார். சித்திகாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில், பிறந்தது முதல் பழகின பதில் வாயில் வந்துவிட்டது. ஐயோ வேணாங்க, எங்களுக்கெதுக்கு இவ்ளோ பெரிய சாமான், எங்களைவிடக் கஷ்டப்படுறவங்க யாராச்சும் இருப்பாங்க, அவங்களுக்குக் குடுங்க என்றிருக்கிறாள். சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று கையைக் கோத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

சார் ஐனோ பக்கம் திரும்பினார். சித்திகா சொன்னதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார், பிற்பாடு ஐனோ சொல்லித் தெரிந்தது. வந்த நாள் முதல் ஒரு வாக்கியத்தையாவது ஒழுங்காக மாற்றிச் சொல்லாத மனிதர், அன்றைக்குப் பார்த்து ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஐனோ எழுந்து சித்திகாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் நடைவண்டி கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றது, பிளாஸ்டிக் உறையோடு.

நான் நேரே அவர் அறைக்குப் போனேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"மொழிபெயர்ப்புன்னா உள்ளதை உள்ளபடி சொல்லணும் மேடம். நாம கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தம்மா வேணாம்னாங்க, நான் வேணாம்னு சொன்னேன்."

இட்லிக் கதையை யார் சொல்லிச் சிரித்தது என்று கேட்டேன். அது வீட்டு விஷயம், இது ஆபீஸ் விஷயம் என்றார். அதோடு, இம்போர்டட் ஐட்டம், ஒருத்தர் வீட்டில் போய் முடங்குவதைவிட சென்டரில் இருந்தால் நாலு பேருக்கு உபயோகம் என்றார். மே மாதம் டோனர்கள் வருகிறார்கள் என்பதையும் தன்னை மறந்து சொல்லிவிட்டார். ஒரு குழந்தையின் காலைப் பிடுங்கி ஷோ கேஸில் வைத்துவிட்டு, அதை மொழி நேர்மை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பொய் சொல்லியே பிழைத்த மனுஷன் உண்மையைச் சொல்லியும் பிழைக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஐனோவைப் பிடித்தேன். சித்திகாவுக்கு அது வேண்டும், கட்டாயம் வேண்டும், நீ மறுபடி கேட்டிருக்க வேண்டும் என்றேன். அவள் நான் எதிர்பார்த்த மாதிரி எழுந்து ஓடவில்லை. சார் பொய் சொல்கிறாரோ என்று தனக்கும் சந்தேகம் இருந்தது என்றும், ஆனால் 'வேணாம்' என்ற சொல்லைத் தன் காதாலேயே கேட்டதாகவும் சொன்னாள். இந்த ஊர்ப் பேச்சில் தான் முதலில் தெரிந்துகொண்ட சொல்லே அதுதானாம்.

"வேண்டும் என்கிறவள் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆங்கிலத்தில் பதில் இல்லை. தமிழிலும் இல்லை. வழக்கம்தான் இருக்கிறது. விளக்கப் போனால் நாங்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று ஆகிறது. அப்படியும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த இட்லி ராத்திரியை நினைவுபடுத்தினாள். என் பேச்சை அன்று யாரும் மதிக்கவில்லை, நான் வேண்டாம் என்றது அவர்கள் காதில் விழவே இல்லை, அதை நான் சித்திகாவுக்குச் செய்ய மாட்டேன் என்றாள். ஊரில் இருந்து கிளம்புவதற்கு முன்னால் வாலண்டியர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்களாம். உள்ளூர் ஆட்கள் மறுத்தால் வற்புறுத்தக் கூடாது என்பது அதில் முதல் பாடமாம். நல்ல பாடம். அதை எழுதினவனைக் கூட்டி வந்து மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும்.

"அவள் வாயால் வேண்டும் என்று சொல்லட்டும். அந்த நிமிஷம் கொடுத்துவிடுகிறேன்," என்றாள் ஐனோ. நீ சொல்லி அவள் வந்தால் அது நீ வற்புறுத்தினதாக ஆகாதா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

சரி, சித்திகாவையாவது அசைப்போம் என்று அன்று மாலை ஃபோன் செய்தேன். விஷயத்தைச் சொல்லி, நாளைக்கே வந்து ஐனோவிடம் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றேன்.

"கேட்டு வாங்குறதா அக்கா? வேணாம்னு சொன்ன வாயாலேயே போயி நிக்கிறதா? எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, எதுக்குப் போயி கை நீட்டினேன்னு கேப்பாரு. இருக்கட்டும் அக்கா. அல்லா வேற வழி வைப்பான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மானம் இருக்கிறதே, இதைக் கொண்டு போய் எந்த ஸ்கூலில் ஃபீஸாகக் கட்ட முடியும்? ஒருத்தி இரண்டாவது தடவை கேட்க மாட்டாளாம். இன்னொருத்தி முதல் தடவை கேட்க மாட்டாளாம். இரண்டு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி வைத்த மரியாதையில், நடுவில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. மரியாதையே இல்லாத ஒருவர் மட்டும் நிம்மதியாக டோனர்களுக்கு ஈமெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஆனாலும் சித்திகாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நான் மட்டும் போய்க் கேட்டிருப்பேனா என்ன?

ஏப்ரல் கடைசியில் ஐனோவுக்கு வழியனுப்பு விழா. சார் இந்த மாதிரி காரியங்களில் கெட்டிக்காரர். பெரிய அறையில் ஜமுக்காளம் விரித்து, பேனர் கட்டி, முந்திரி தூக்கலாகக் கேசரி செய்யச் சொல்லியிருந்தார். கேசரி என்றால் அவருக்கு உயிர். காலையில் இருந்து சமையல் அறைப் பக்கம் போய் மூடியைத் தூக்கி வாசம் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார். நடைவண்டியை பேனருக்குக் கீழே நிறுத்தி, மாலை போட்டு, பிளாஸ்டிக் உறையின்மேலேயே சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். உறையைப் பிரிக்காமல் பொட்டு வைக்கிற சாமர்த்தியம் அவருக்குத்தான் வரும்.

சித்திகா வர மாட்டேன் என்றாள். உனக்காக இல்லை, உன் பெண்ணின் காலை இத்தனை மாதம் பிடித்துவிட்டவளுக்காக வா என்று நான் சண்டை போட்டு வரவழைத்தேன். வந்தவள் வரிசையின் கடைசியில், மடியில் இரமை வைத்துக்கொண்டு, நடைவண்டியைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். இரம் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

சார் பேசினார். உலகமே ஒரு குடும்பம் என்றார். மொழி ஒரு தடையே அல்ல என்றார். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பாக்குமட்டைத் தட்டுகள் போட்டார்கள். அம்மாக்களுக்கு ஐனோ தன் கையால் பரிமாற வேண்டும், அந்தப் போட்டோதான் மே மாதத்துக்கு வேண்டும் என்று சார் அவள் கையில் கேசரித் தூக்குவாளியைக் கொடுத்தார்.

ஐனோ முதல் தட்டுக்கு முன்னால் குனிந்து, நான் சொல்லிக் கொடுத்த மரியாதை பிசகாமல், "வேணுங்களா?" என்றாள். அந்த அம்மா வெட்கப்பட்டு, ஐயோ வேணாங்க என்றாள். ஐனோ தலையசைத்துவிட்டு அடுத்தவளிடம் போனாள். அவளும் வேணாங்க. அடுத்தவள், போதுங்க, வீட்லயே சாப்ட்டோம். ஐனோ ஒவ்வொருவருக்கும் தலையசைத்து ஒவ்வொரு தட்டாகத் தாண்டிக்கொண்டே வந்தாள். ஒரு கரண்டி கேசரிகூடத் தூக்கை விட்டு வெளியே வரவில்லை. பின்னால் வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சார் கேமராக்காரரிடம் கோணம் சொல்லிக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

சித்திகா கவனித்தாள். வரிசைக் கடைசியில் இருந்து, தூக்கு ஒவ்வொரு தட்டாகக் கடந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. முதலில் வெறுமனே பார்த்தாள், பிறகு அந்தக் காலித் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு இரமைப் பார்த்தாள்.

ஐனோ அவள் முன்னால் வந்து குனிந்தாள். "வேணுங்களா?"

"வேணும்," என்றாள் சித்திகா.

பக்கத்தில் இருந்தவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. ஐனோ கரண்டியைத் தூக்கில் விட்டாள். சித்திகா கையை நீட்டித் தட்டை மூடினாள்.

"கேசரி இல்லீங்க. அது," என்று பேனருக்குக் கீழே காட்டினாள். "எம்பொண்ணுக்கு வேணும். அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். வேணும்."

சார் எங்கிருந்தோ பாய்ந்து வந்தார். பழக்க தோஷம், இவங்க ரொம்ப சந்தோஷமா இருக்காங்க என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். ஐனோ அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "புரிஞ்சுது," என்று தமிழில் சொன்னாள். தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு நேரே போய், நடைவண்டியில் இருந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்த அந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து கீழே வரை சர்ரென்று கிழித்தாள். அந்த சென்டரில் ஒரு உறை கிழிகிற சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. சார், மேடம், டோனர்ஸ், மே மாசம் என்று என்னவோ முனகினார். கேமராக்காரர் மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரமை அதில் நிறுத்தினோம். பிடியைப் பற்றிக்கொண்டாள். அப்புறம் அவள் அம்மா பக்கம் வருவாள் என்று நாங்கள் நினைத்தால், எதிர்ப்பக்கம் திரும்பி, கண்ணாடி அலமாரியைத் தாண்டி, வாசலைப் பார்த்துப் போய்விட்டாள். லாசரஸ் அவசரமாக எழுந்து கேட்டைத் திறந்தார். யாரும் தூக்காமல் அந்தக் குழந்தை அந்த வாசலைத் தாண்டினது அன்றுதான். சித்திகா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எல்லாம் அடங்கியபின் ஐனோ என்னிடம் இருந்து தூக்கை வாங்கிக்கொண்டு மறுபடி சித்திகாவிடம் போனாள். இப்போது கேசரி வேணுங்களா என்று கேட்டாள். சித்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டே வேணாங்க என்றாள். ஐனோ நகரவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள். நான் தலையாட்டினேன். மறுபடி கேட்டாள். அய்யே, வேணாங்க என்றாள் சித்திகா. மூன்றாவது தடவை கேட்டதும் தட்டை எடுத்து நீட்டினாள். ஐனோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வரிசையின் ஆரம்பத்துக்கே திரும்பிப் போய், ஒவ்வொருவரையும் விடாமல் கேட்டு, எல்லோர் தட்டிலும் வழிய வழிய வைத்தாள்.

கடைசியில் அனந்தகிருஷ்ணன் சாரிடம் வந்தாள். அவர் காலித் தட்டோடு, கிழிந்த உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தூக்கில் முந்திரியோடு இன்னும் நிறைய இருந்தது.

"வேணுங்களா?" என்றாள்.

"நோ நோ, பரவாயில்லை," என்றார் சார், மரியாதைக்கு.

ஐனோ தலையசைத்துவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த லாசரஸிடம் போனாள்.